வீட்டில் வெல்டிங்: மின்சாரம் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கேட்டையும் ஜன்னல் கம்பியையும் வீட்டு கராஜிலேயே வெல்டிங் செய்துகொள்கிறவர்கள் உண்டு. ‘டிபி போர்டில் (வீட்டு மின்பலகையில்) 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கிறது, ஷாக் அடித்தால் அது விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்’ என்ற நம்பிக்கை பாதிதான் சரி. சுவரிலிருந்து மெஷினுக்கு வரும் 230 வோல்ட்டைத்தான் அது கவனிக்கும். மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் ராடு பக்கத்தை வீட்டு மின்சாரத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடுகிறது. ராடிலிருந்து உங்கள் உடம்பு வழியாக இரும்புக்குப் போகும் மின்சாரம் எர்த் லீக்கேஜுக்குத் தெரியவே தெரியாது.

ராடில் வோல்டேஜ் அதிகமாக இருப்பது ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எழும் மின்பொறி) எரியாதபோதுதான், பொதுவாக 60 முதல் 90 வரை. எரியும்போது 20, 25க்கு இறங்கிவிடும். ஆகவே ஆபத்து ராடு மாற்றும் நேரத்தில்தான். தைப்பூசத்துக்கு முன்பு கோயில் ரதச் சட்டத்தைச் சரிசெய்யும் மாதங்களில் டர்பனில் வியர்வை நிற்காது. வியர்வையில் ஊறிய கையுறை போட்டும் போடாததுபோலத்தான். இரண்டு ஜோடி தோல் கையுறை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். காய்ந்த பலகை அல்லது ரப்பர் விரிப்பின் மேல் நில்லுங்கள், சட்டத்தின் மேலேயே உட்காராதீர்கள். ராடைப் பிடிக்கும் ஹோல்டர் சூடானால் தண்ணீரில் முக்கக் கூடாது. பழைய ஏசி மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அதே வோல்டேஜில் ஏசி இதயத்தை எளிதில் தாக்கும். புது மெஷின் வாங்குகிறவர்கள் விஆர்டி உள்ளதாகக் கேளுங்கள், ஆர்க் இல்லாதபோது அது வோல்டேஜைத் தானே குறைத்துவிடும்.

ஈரமான இடம், தொட்டியின் உட்புறம், சுற்றிலும் இரும்பு: இங்கெல்லாம் தனியாக வேலை செய்யாதீர்கள். உதவத் தெரிந்த இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கப் பொதுப் பாதுகாப்பு விதிகளிலேயே (1986, 9ஆம் விதி) உள்ளது.

அடுத்தது பிளக். 2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால் சாதாரண இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் சுவரிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். மூன்று உருண்டை முள் பிளக் அதைத் தாங்கும். 160 ஆம்பியருக்கு ஏற்றினால் 30ஐத் தாண்டும், பிளக் உருகும். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனி சர்க்யூட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. தாமிரமாக இருக்கட்டும், சுருளை முழுதும் பிரித்துப் போடுங்கள்.

அதிகம் கெடுவது கிளாம்ப் (மெஷினின் இன்னொரு கேபிள் முனையில் உள்ள பிடி) வைக்கும் இடத்தில்தான். வெல்டிங் மின்சாரம் ராடு வழியாகப் போய் கிளாம்ப் வழியாகத் திரும்ப வேண்டும். அந்த வழி மோசமானால் வேறு வழி தேடும். நகரும் கேட்டில் வேலை, கிளாம்ப் தூணில் என்றால் சக்கர பேரிங், கேட்டை மோட்டார் இழுக்கும் பல்சட்டம், கேட் மோட்டாரின் உடல், அதன் எர்த் வயர் என்று எல்லாவற்றிலும் பாயும். பேரிங்கில் குழி விழும், மோட்டாரின் போர்டு போகும். அதைவிட மோசம் எர்த் வயர். மெல்லிய வயரில் நூறு ஆம்பியர் ஓடி உள்ளே அறுந்தாலும் எந்த பிரேக்கரும் விழாது. வீட்டில் எர்த் இல்லை என்பது பிறகு யாருக்காவது ஷாக் அடிக்கும்போதுதான் தெரியும்.

எனவே பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வெல்டிங் செய்யும் அதே துண்டில், இணைப்புக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அங்கே கிளாம்பை மாட்டுங்கள். தொட்டுச் சூடு தெரிந்தால் தொடர்பு சரியில்லை. கேட் மோட்டாருக்குச் சப்ளையையும் பேட்டரியையும் கழற்றி, போர்டு வயர்களையும் எடுத்துவிடுங்கள். பிக்கப் வண்டி என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ், பிறகு ஆல்டர்னேட்டர், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பிளக் இரண்டையும் கழற்றுங்கள்.

பக்கத்து மின்கருவிகளுக்கு வரும் இடைஞ்சலுக்கும் மருந்து மின்சாரம் திரும்பும் வழியைக் கவனிப்பதுதான். போகும் கேபிளும் வரும் கேபிளும் தள்ளித் தள்ளிக் கிடந்தால் நடுவில் பெரிய வளையமாகி, அதன் காந்தப்புலம் பக்கத்து வயர்களில் ஏறும். அலாரம் தானாகக் கத்தும், ரேடியோ கரகரக்கும். இரண்டையும் டேப் சுற்றி ஒன்றாகத் தரையோடு போடுங்கள். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள், உடம்பில் சுற்றிக்கொள்ளவே கூடாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கவும் கூடாது. ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் தொடங்கும் டிக் மெஷின் (டங்ஸ்டன் முனையும் வாயுவும் கொண்டு வெல்டிங் செய்வது) இன்னும் தொல்லை தரும், கம்ப்யூட்டரையும் சிசிடிவியையும் எட்டித் தாக்கும். வீட்டில் முனையை இரும்பில் தொட்டு எடுக்கும் லிஃப்ட் ஆர்க்கில் தொடங்குவதே மேல். கையேட்டில் ‘ஏ வகுப்பு’ என்று இருந்தால் அந்த மெஷின் குடியிருப்புக்கு உரியதல்ல.

பேஸ்மேக்கர் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் மெஷின் அருகே வர வேண்டாம். இருவர் ஒரே சட்டத்தில் இரண்டு மெஷின் வைத்து வேலை செய்தால், இரண்டு ஹோல்டருக்கும் இடையே வோல்டேஜ் இரட்டிப்பாகலாம். ஒருவர் ஹோல்டரை மற்றவர் தொடக்கூடாது.

லோட்ஷெடிங்கில் (மின்வெட்டில்) கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, ராடை ஹோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். கிரைண்டர் தூசியும் கடற்காற்றின் உப்பும் மெஷினுக்குள் சேரும். சுத்தம் செய்ய மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிக் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.