கேவன் ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டப்ளினில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சனி, ஞாயிறுகளில் கேவன் மாவட்டத்துப் பக்கம் தூண்டிலோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அயர்லாந்துக் குடியரசில் சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும்தான் அரசு உரிமம் தேவை. பிரீம், ரோச், பெர்ச், பைக் போன்ற நன்னீர் மீன்களுக்குத் தேவையில்லை. ஆகவே கூட்டம் கூடுவதில் வியப்பில்லை. கிலிகீன் காட்டுப் பூங்காவின் கரையில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், நானும் ஒரு காலத்தில் செய்து தொலைத்த அபத்தங்கள் ஒன்றுவிடாமல் கண்முன்னே நடக்கின்றன.

முடிச்சு அவிழ்வது, கைவலையை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவது, மழைக்கோட்டு இல்லாமல் அயர்லாந்தை நம்புவது இவற்றையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகவே புத்தி வந்துவிடும். பட்டாலும் புத்தி வராதவை சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இது.

பெயர் பெற்ற ஏரிக்கே ஓடுவது

ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏரி என்று கணக்குச் சொல்லி, கேவனில் 365 ஏரிகள் இருப்பதாக ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். யாரும் உட்கார்ந்து எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் பனியாறுகள் விட்டுச்சென்ற சிறு குன்றுகளின் நடுவே எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் தண்ணீர் நிற்கும் என்பது மெய். இத்தனை இருந்தும் புதியவர்கள் நேராக ஷீலின் ஏரிக்குத்தான் போகிறார்கள்.

ஷீலின் டிரவுட் மீனுக்கான ஏரி. அங்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பருவம் மார்ச் 1 முதல் அக்டோபர் 12 வரை. 36 செ.மீ.க்குக் குறைந்த டிரவுட்டை விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மே மாதப் பாதியில் மேஃப்ளை பூச்சிகள் நீர்ப்பரப்பில் எழும்பும்போது படகில் சென்று செயற்கைப் பூச்சியைக் கட்டிய ஈத்தூண்டில் வீசத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். மண்புழு டப்பாவோடும் தக்கையோடும் கரையில் உட்காருகிறவருக்கு அங்கே நல்ல காற்று கிடைக்கும். அவ்வளவுதான்.

ரோச்சும் பிரீமும் வேண்டுமென்றால் ஆர்வா, கௌனா, கூட்ஹில் சுற்றுவட்டாரத்துச் சிறிய ஏரிகளுக்குப் போங்கள். இல்லாவிட்டால் ஆக்டர் ஏரி. அதை ஓர் ஏரி என்பதே தவறு. ஏர்ன் ஆறு குன்றுகளுக்கிடையே புகுந்து புறப்பட்டு உண்டாக்கிய நீர்ச் சிக்கல் அது. ஒரு வளைவில் மீன் கடிக்காவிட்டால் அடுத்த வளைவு வேறொரு ஏரியைப் போலவே இருக்கும்.

காற்றுக்கு முதுகைக் காட்டுவது

வசதிதான், மறுக்கவில்லை. தூண்டிலும் தூரம் போகும், முகத்திலும் சாரல் அடிக்காது. ஆனால் கோடையில் தென்மேற்குக் காற்று ஒரு பகல் முழுக்க வீசினால், மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரும் அதில் மிதக்கும் இரையும் எதிர்க்கரையில் போய் ஒதுங்கும். மீனும் அங்கேதான் போகும். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காற்றை எதிர்த்து உட்காருங்கள்.

கம்பி இல்லாமல் எறிவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை துணைக்கு வந்தவை.

பைக் இந்த ஏரிகளின் வேட்டை மீன். நம் ஊர் விராலைப் போல நாணல் ஓரத்தில் அசையாமல் கிடந்து, எட்டும் தூரத்தில் ஏதாவது நகர்ந்தால் பாயும். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். கீழ்த்தாடையில் ஊசிகளாக நிற்கும் கோரைப்பற்கள். மேல் அண்ணத்தில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்கள். வாய்க்குள் போனது வெளியே வராமலிருக்கவே அமைந்த வாய் அது. அந்தப் பற்களின் மேல் இழுபட்டால் எந்தத் தூண்டில் நரம்பும் நிற்காது.

நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே ஒரு துண்டு எஃகுக் கம்பி போட வேண்டியது இதனால்தான். செத்த மீனை இரையாக வைத்தால் கம்பி 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 28 பவுண்டாவது தாங்க வேண்டும். சிறிய உலோக இரையை வீசிப் பெர்ச் பிடிப்பவருக்கு விரலில் சுற்றக்கூடிய மெல்லிய கம்பி ஒரு சாண் இருந்தால் போதும். ஒரு காப்பியின் விலைதான். மடங்கி நெளிந்துவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு போட வேண்டும், ஏனென்றால் நெளிந்த இடத்தில்தான் முறியும்.

சென்ற அக்டோபரில் ஆக்டர் ஏரிக்கரையில் ஓர் இளைஞர். எல்லாமே புதிது. கடைக்காரர் “முழு செட்” என்று கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த முழு செட்டில் இருபது வண்ண இரைகள் இருந்தன, கம்பி இல்லை. சற்று நேரத்தில் அவருடைய கம்பு வில்லாக வளைந்தது, ரீல் கிறீச்சிட்டது, பிறகு நரம்பு தொய்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “அண்ணா, பெரியது ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டது!” என்றார். அதே நரம்பில் அடுத்த இரையைக் கட்டத் தொடங்கினார்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்தச் சிரிப்புதான். நட்டம் ஓர் இரையின் விலை என்று நினைக்கிறார்கள். போன மீனைப் பற்றி நினைப்பதில்லை. அந்த இரையில் இரண்டு மும்முட்கள், அதாவது மூன்று முனைகள் ஒன்றாகச் சேர்ந்த தூண்டில் முட்கள். ஒன்று மேல் தாடையிலும் மற்றொன்று கீழ்த் தாடையிலும் ஏறிவிட்டால் வாய் தைக்கப்பட்ட மாதிரிதான். சில மீன்கள் தலையை உதறி, காலப்போக்கில் கழற்றிப் போட்டுவிடும். எல்லா மீனாலும் முடிவதில்லை. வேறொரு குளிர்காலத்தில் இதே ஏரியில் எனக்கு ஒரு பைக் அகப்பட்டது. தலை பெரிதாக இருந்தது, உடம்பு ஒட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்து பார்த்தால், தொண்டையின் ஓரத்தில் துருப்பிடித்த மும்முள் ஒன்று. அதிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பாசி படிந்த நரம்பு. கம்பி இல்லை.

இதைச் சொன்னால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும்.

முதலாவது: “நான் பெர்ச்சுக்குத்தானே போட்டேன், பைக் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?” கேவனில் பைக் இல்லாத ஏரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெர்ச்சைத் தின்ன வரும் மீன், பெர்ச்சுக்கு வீசிய இரையையும் தின்னும். தண்ணீரில் மின்னுகிற, நகர்கிற எதை வீசினாலும் கம்பி வேண்டும்.

இரண்டாவது: “என்னுடைய பின்னல் நரம்பு 50 பவுண்டு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே.” 50 பவுண்டு என்பது நேராக இழுக்கும்போது. விறைத்து நிற்கும் நரம்பின் மேல் பிளேடை வைத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டவருக்குப் பைக்கின் பல்லைப் பற்றி அக்கறையில்லை.

கம்பி போட்டவுடன் கடமை முடிந்தது என்று எண்ணுவது இதன் இரண்டாம் பாகம். செத்த மீனை இரையாக வைத்துவிட்டு, தக்கை அசைந்த பிறகும் “நன்றாக விழுங்கட்டும்” என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பைக் இரையைக் குறுக்கே கவ்வி, திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும். நீங்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து வருவதற்குள் முள் இரைப்பைக்குப் போயிருக்கும். தக்கை நகர்ந்ததும் தொய்வைச் சுற்றி எடுத்து உடனே இழுங்கள். சில கடிகள் தப்பும். தப்பட்டும்.

கரைக்கு வந்த மீனைப் புல்லில் போட்டு மிதியடியால் அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதை விவரிக்க மனமில்லை. செய்ய வேண்டியது இது. நனைத்த, மெத்தென்ற விரிப்பில் மீனைக் கிடத்துங்கள். செவுள் மூடிக்குக் கீழே, தாடையெலும்பின் உட்பக்கமாக இரண்டு விரல்களை முன்னோக்கி நகர்த்துங்கள். சிவந்த செவுளைத் தொடக் கூடாது. விரல் எலும்பை ஒட்டியே போக வேண்டும். தாடைகள் கூடும் முனைக்கு வந்ததும் மெல்லத் தூக்கினால் வாய் தானே திறந்துகொள்ளும். ஓர் அடி நீளமுள்ள இடுக்கியால் முள்ளின் தண்டைப் பிடித்துத் திருப்பி எடுங்கள். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீட்டியிருக்கும் சிறு கொக்கியை முன்னதாகவே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் இது நொடியில் முடியும். வரவில்லையென்றால் வெட்டுக் குறடால் முள்ளைத் துண்டாக்குங்கள். முள் மலிவு. பிறகு மீனைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானாகப் போகும்போது விட்டால் போதும்.

விரிப்பு, இடுக்கி, குறடு, கம்பி. இந்த நான்கும் இல்லாத நாளில் ரோச் பிடியுங்கள். கோடை உச்சியில் ஏரி நீர் வெதுவெதுப்பாகி ஆக்சிஜன் குறைந்திருக்கும்போதும் பைக்கை விட்டுவிடுங்கள். போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதைப் போலத் தெரியும், பிழைக்காது. அக்டோபருக்குப் பிறகு வாருங்கள்.

பெரியதைக் குழம்புக்கு எடுப்பது

சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பதுதான் நியாயம் என்று நம் மனத்தில் ஊறியிருக்கிறது. டிரவுட்டுக்கு அது சரி. பைக்கிலும் பிரீம், ரோச் வகைகளிலும் சட்டம் தலைகீழ். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பைக். அதுவும் 50 செ.மீ.க்கு மேற்படக் கூடாது. மற்றவற்றில் நான்கு, 25 செ.மீ.க்கு மேற்பட்டவை தண்ணீருக்கே திரும்ப வேண்டும். பெரிய பைக் அநேகமாகப் பெண் மீன், முட்டையிடும் தாய். அதைப் படமெடுத்துவிட்டு விட்டால் அடுத்த ஆண்டும் படமெடுக்கலாம்.

உயிருள்ள மீனை இரையாக முள்ளில் கோப்பதற்கும் இங்கே தடை. ஒரு வாளி ரோச்சை ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் குற்றம்.

விலாங்கு

விட்டுவிடுங்கள். 2009 முதல் பிடிக்கவே தடை.

ரொட்டித்தூளைக் கொட்டிக் கவிழ்ப்பது

பிரீம் கூட்டமாக மேயும் மீன். கூட்டத்தை நிறுத்திவைக்க இரை போட்டாக வேண்டும். அதற்காக வந்தவுடனேயே ஒரு வாளி மாவையும் உருண்டை பிடித்து எறிந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு உட்காரக் கூடாது. மீன் இல்லாத இடத்தில் எறிந்த உருண்டை அங்கேயே புளிக்கும். தொடக்கத்தில் ஐந்தாறு உருண்டைகள் போதும். கடி தொடங்கிய பிறகு, அது குறையும்போது ஒன்றிரண்டு. எல்லாம் ஒரே இடத்தில் விழ வேண்டும். எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துக்கொண்டு எறியுங்கள். இல்லாவிட்டால் உருண்டை ஒரு பக்கம், தூண்டில் ஒரு பக்கம்.

ஈர வலையோடு அடுத்த ஏரிக்குப் போவது

வரிக்குதிரை மட்டி என்றொரு சிறு சிப்பி. கருங்கடல், காஸ்பியன் கடல் வட்டாரத்தைச் சேர்ந்தது. 1990களில் அயர்லாந்துக்கு வந்து ஷானன், ஏர்ன் நீர்வழிகளில் பரவிவிட்டது. படகின் அடியில், கல்லில், குழாயில் கொத்துக்கொத்தாக ஒட்டும். நீரை வடிகட்டிக் குடித்தே சிறு மீன்களின் இரையைத் தீர்த்துவிடும். இதன் இளம் பருவம் கண்ணுக்குத் தெரியாது. ஈர வலையின் மடிப்பிலும் படகின் அடியில் தேங்கிய நீரிலும் ஒளிந்து பயணம் செய்யும்.

காலையில் ஆக்டர், மாலையில் இன்னொரு சிறிய ஏரி என்று திட்டம் போடுகிறவர்கள், வலையும் விரிப்பும் இரண்டு செட் வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் கழுவி, இரண்டு நாளாவது முழுக்கக் காயவிட்டு எடுங்கள். அயர்லாந்தில் ஒரு வலை காய்வதற்குள் என்னென்னவோ நடந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். வீட்டில் திட்டு விழும்.

மின்கம்பி

தலைக்கு மேலே கம்பி போனால் அங்கே உட்காராதீர்கள். உங்கள் கையிலிருப்பது கார்பன் கம்பு, அதில் மின்சாரம் பாயும்.

மேய்ச்சல் நிலக் கதவு

திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள்.

படகில் மிதவைச் சட்டை

ஏழு மீட்டருக்குக் குறைவான படகில் சட்டப்படியே கட்டாயம். சீட்டுக்கு அடியில் கிடக்கும் சட்டை யாரையும் மிதக்கவைக்காது.

எல்லை தாண்டுவது

பிளாக்லயன் அருகிலிருக்கும் மேல் மக்னீன் ஏரியின் ஊடாகவே நாட்டின் எல்லை ஓடுகிறது. தண்ணீரில் கோடு எதுவும் போட்டிருக்காது. கேவன் பக்கத்தில் பைக்குக்கும் பிரீமுக்கும் உரிமம் தேவையில்லை. ஃபெர்மானா பக்கம் வடக்கு அயர்லாந்து, அங்கே அந்த மீன்களுக்கும் தூண்டில் உரிமம் உண்டு, அரசு நீர்நிலைகளில் தனி அனுமதிச் சீட்டும் உண்டு. பெல்டர்பெட்டிலிருந்து படகெடுத்து ஏர்ன் ஆற்றோடு வடக்கே போகிறவர்களுக்கும் இதே கதை. “தெரியாமல் வந்துவிட்டேன்” என்பதைச் சோதனை அதிகாரி நிறையக் கேட்டிருப்பார். உரிமம், அனுமதிச் சீட்டு இரண்டையும் இணையத்திலேயே வாங்கலாம். கிளம்புவதற்கு முந்தைய இரவே வாங்கிவிடுங்கள், ஏரிக்கரையில் போன் சிக்னலை நம்ப முடியாது.