எல்லை தாண்டினால் எதைச் சாப்பிடலாம்? கேரளச் சாப்பாட்டை முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு

குற்றால சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அருவியில் குளித்த கையோடு புளியரை வழியாக மலையேறிவிடுகிறார்கள். ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று ஒரு சுற்று. பதிமூணு கண்ணுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், அணையைப் பார்க்கிறார்கள். பசி வந்ததும் முதல் கேள்வி, "இங்க நம்மூர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்பதுதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இட்லி தேடி அலைவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். மரச்சீனிக் கிழங்கும் புட்டும் தேங்காய் எண்ணெய்த் தாளிப்பும் எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் புதிதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைத் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு புது உணவு பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த உணவு காரணமாக இருப்பதில்லை. அதற்குரிய துணை இல்லாமல் சாப்பிடுவதும், அதற்குரிய நேரத்தில் சாப்பிடாததும்தான் காரணம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டைச் சரிசெய்வதற்குத்தான்.

படி 1: கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்

யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை வண்டியில் ஏறும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடையில் உட்கார்ந்த பிறகு விவாதித்தால் எல்லாருக்கும் மனம் கெடும்.

கேரளத்தில் மாட்டிறைச்சி சாதாரணமாகப் பல அசைவக் கடைகளிலும் கிடைக்கும். பலகையில் பி.டி.எஃப். என்று போட்டிருந்தால் அது பீஃப் டிரை ஃப்ரை. சாப்பிடாதவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, பரோட்டாவுக்கு ஊற்றும் சாறு. அது பீஃப் சாறாகவும் இருக்கலாம், கேட்காமல் ஊற்றவிடாதீர்கள். இன்னொன்று, கப்பை பிரியாணி. பேரைக் கேட்டு அரிசியை எதிர்பார்க்காதீர்கள். மரச்சீனிக் கிழங்கையும் எலும்போடு சேர்ந்த இறைச்சியையும் ஒன்றாகப் போட்டுக் கிளறுவது அது. பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். இடுக்கி, கோட்டயம் பக்கம் 'எல்லும் கப்பையும்' என்பார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாதாரண ஊணு (மதியச் சாப்பாடு) கேட்டாலும் பல கடைகளில் மீன்கறிச் சாறை வாளியில் கொண்டுவந்து சோற்றில் ஊற்றிவிடுவார்கள். அங்கே அது ஒரு உபசாரம். உட்கார்ந்ததுமே "வெஜிடேரியன்" என்று சொல்லிவிடுங்கள். இறால், நண்டு, முந்திரி இவற்றில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பாயசத்திலும் குருமாவிலும் முந்திரி சாதாரணமாகச் சேரும்.

படி 2: கடையைவிட நேரத்தைப் பாருங்கள்

புட்டு, ஆப்பம், இடியாப்பம், கடலைக்கறி (கொண்டைக்கடலைக் குழம்பு) எல்லாம் காலைக்கு உரியவை. பதினொரு மணிக்குப் போய்ப் புட்டு கேட்டால் காய்ந்து உதிர்ந்ததுதான் வரும், நீங்களும் புட்டே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஊணு. நாலு மணி வாக்கில் சாயாவும் கடியும் (டீயும் அதோடு கடிக்கும் பலகாரமும்): பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி), பருப்புவடை, உள்ளிவடை, சுகியன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சாப்பிட வேண்டும்.

மீனுக்கும் காலம் உண்டு. கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. குற்றால சீசனும் இதே நாட்களில்தான். பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை இல்லாததால் மத்தி (நம்மூர்ச் சாளை), அயிலை போன்றவை வந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் பெரிய மீனுக்கு ஆசைப்படாமல் அன்றைக்கு வந்த சின்ன மீனைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. உள்ளூர் ஆட்டோக்காரர்களும் மரம் அறுக்கும் தொழிலாளர்களும் உட்கார்ந்து சாப்பிடும் இடமாக இருந்தால் போதும்.

படி 3: கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்

ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை தமிழ் நன்றாகவே புரியும். "சேட்டா", "சேச்சி" என்று அழைத்து, "இன்னிக்கு இங்க என்ன நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். மெனு அட்டையைப் பார்த்துச் சொல்வதைவிட இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இதை எதோட சாப்பிடுவாங்க?" இதைக் கேட்டதும் பரிமாறுகிறவர் முகமே மாறிவிடும். ஆர்வமாக வருகிறார்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பார்கள்.

பரிமாறும்போது "மதி" என்றால் போதும் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் சோறு வந்துகொண்டே இருக்கும். விலைப் பலகையில் மீனுக்கு நேரே ஏ.பி.எஸ். என்று இருந்தால் அளவைப் பொறுத்து விலை. கரிமீன் பெரும்பாலும் அப்படித்தான் விற்பார்கள். மீனைக் காட்டச் சொல்லி, விலை கேட்டு, பிறகு சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊர்க்காரர்களும் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

படி 4: ஒரு வேளைக்கு ஒரு புதுசு

நாலு பேர் போனால் நாலு பேரும் புது உணவு சொல்லாதீர்கள். புதியதில் ஒரு தட்டு நடுவில், மற்றவை பழகியவை. ஆளுக்கு இரண்டு வாய் எடுத்துப் பார்த்து, பிடித்தால் இன்னொரு தட்டு சொல்லிக்கொள்ளலாம். உணவும் வீணாகாது, 'காசு கொடுத்தாச்சே' என்று யாரும் கஷ்டப்பட்டு விழுங்கவும் வேண்டாம்.

மலைப்பாதை என்பதையும் மறக்காதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கறியை வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கோட்டைவாசல் பக்கத்து வளைவுகளில் வண்டி ஓட்டினால் பின்சீட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

படி 5: எதோடு எது

முழுப் பதிவையும் படிக்க நேரமில்லாவிட்டால் இந்தப் படியை மட்டுமாவது படியுங்கள்.

ஆப்பமும் இஷ்டுவும். முதல்முறை போகிறவர்கள் இதில் தொடங்குங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், கறிவேப்பிலை. இவ்வளவுதான் இஷ்டு. எல்லாமே உங்கள் வீட்டில் இருக்கும் பொருள்கள். அதனால் நாக்கு மிரளாது. ஆப்பத்தின் ஓரத்து மொறுமொறுப்பைத் தனியாகத் தின்னுங்கள், நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியைச் சாற்றில் ஊறவிட்டு எடுங்கள். கள்ளப்பம் என்பது கள் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் செய்வது. இப்போது ஈஸ்ட் போடுகிறவர்களும் உண்டு. கள் வேண்டாம் என்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

புட்டும் கடலையும். புட்டைக் கையில் எடுத்து அப்படியே வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும். முதலில் உதிர்த்துவிடுங்கள். கடலைக்கறியை மேலே ஊற்றி ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். மாவு சாற்றை இழுத்துக்கொண்ட பிறகு பிசைந்து சாப்பிட்டால்தான் புட்டின் ருசி தெரியும். காரம் வேண்டாதவர்கள் பழத்தையும் பப்படத்தையும் சேர்த்து நொறுக்கிப் பிசைந்துகொள்ளலாம். இனிப்பும் உப்பும் கலந்த அந்தப் பிசைவு எனக்குக் கடலையைவிட ஒரு படி மேல்.

கப்பையும் மீன்கறியும். மரச்சீனிக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது எளிய வீடுகளின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான். பஞ்சகாலத்தில் துணைக்கு நின்ற உணவு என்பதால் அங்குள்ளவர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

கிழங்குக்கென்று பெரிய ருசி கிடையாது. அதனால்தான் குடம்புளி போட்ட சிவந்த மீன்கறி அதற்குத் துணை. குடம்புளியின் புளிப்பு நம்மூர்ப் புளி மாதிரி நாக்கின் நுனியில் சுள்ளென்று ஏறாது. மெதுவாக வரும், கூடவே லேசான புகை வாசம் இருக்கும், ஏனென்றால் அதைப் புகையில் உலர்த்துவார்கள். சோற்றில் இந்தக் குழம்பை நம்மூர் அளவுக்கு ஊற்றிப் பிசைந்தால் புளிப்புத் தாங்காது. கிழங்கைக் கொஞ்சம் எடுத்துச் சாற்றில் தொட்டு, மீனில் ஒரு துணுக்குச் சேர்த்து வாயில் போடுங்கள். முதல் வாயில் முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது வாயில் பிடிபடும். அப்படியும் கடினமாக இருந்தால் தேங்காய் அரைத்துவிட்ட மீன்கறி கேளுங்கள். கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்தில் அது உண்டு, புளிப்பும் காரமும் அடங்கியிருக்கும்.

சைவக்காரர்கள் கப்பையைக் காந்தாரிச் சம்மந்தியோடு சாப்பிடலாம். காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய் எண்ணெய் சேர்த்துச் சதைத்தது. மிளகாய் சிறிது, காரம் பெரிது. விரல் நுனியளவு போதும், கூடவே ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ). கிழங்கில் கசப்பான துண்டு அகப்பட்டால் மரியாதை பார்க்காமல் துப்பிவிடுங்கள். மரச்சீனியில் இயற்கையாகவே நச்சுப்பொருள் உண்டு. தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கசப்பு, சரியாகப் போகவில்லை என்பதற்கு அடையாளம்.

குத்தரிச் சோறு. சிவப்புக் கோடுகளோடு தடித்த மணிகளாக இருக்கும் மட்ட அரிசிச் சோறு. நம்மவர்கள் தோற்பது இங்கேதான், ஏனென்றால் முதலிலேயே சாம்பாரை ஊற்றிவிடுகிறார்கள். சாம்பார் மணிக்குள் இறங்காது, சோறு தனி, சாம்பார் தனி என்று நிற்கும். மோர்க்கறி அல்லது மீன்கறி ஊற்றி, பக்கத்தில் தோரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) பப்படமும் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதியளவு போதும். மென்று தின்ன வேண்டிய சோறு, சீக்கிரம் வயிறு நிறையும். வெள்ளைச் சோறு வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள், பாதிக்குப் பாதி வாங்குவதிலும் தப்பில்லை.

பச்சடி. சாப்பாட்டு நடுவே அன்னாசிப்பழப் பச்சடியின் இனிப்பைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். காரமான கறிக்கு நடுவே ஒரு தொடுகை அளவு எடுத்துக்கொண்டால் நாக்கு தெளியும்.

போளியும் பால்பாயசமும். திருவனந்தபுரம் பக்கத்து விருந்தின் பெருமை. போளியை இலையில் பிய்த்துப் போட்டுப் பாயசத்தை மேலே ஊற்றிச் சாப்பிடுவது. ஸ்பூன் கேட்காதீர்கள், கைதான் சரி.

தண்ணீர். இளஞ்சிவப்பாக ஒரு தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். பலர் பயந்து தள்ளிவைத்துவிடுகிறார்கள். பதிமுகம் என்கிற மரத்தின் சிராய்களைப் போட்டுக் கொதிக்கவைத்தது அது, நிறம் மரத்திலிருந்து வருவது. மழைக்காலப் பயணத்தில் கொதித்த தண்ணீர் கிடைப்பதே பெரிய விஷயம்.

படி 6: குழந்தைகளும் பெரியவர்களும்

குழந்தைகளுக்குப் பழம்பொரி, இலையடை (இலையில் வைத்து அவித்த இனிப்பு), பழத்தோடு பிசைந்த புட்டு. கட்டாயப்படுத்த வேண்டாம், நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவர்களாகவே ஒரு வாய் கேட்பார்கள். வயதானவர்களுக்கு இராத்திரியில் கஞ்சியும் சிறுபயறும் கிடைக்கும் கடையாகப் பாருங்கள். எளிது, செரிக்கும், சுட்ட பப்படம் தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 7: பிடிக்கவில்லையென்றால்

முகம் சுளித்துத் தட்டைத் தள்ளாதீர்கள். சமைத்தவர் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்குப் பழக்கமில்லை, அதான்" என்று ஒரு வார்த்தை சொல்லி ஒரு சம்பாரம் வாங்கிக் குடியுங்கள். இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட நீர்மோர்தான் அது. பிடிக்காததை இன்னொரு நாள், வேறு கடையில், வேறு துணையோடு ஒருமுறை முயன்று பாருங்கள்.

படி 8: பிடித்திருந்தால்

திரும்பி வரும்போது புனலூர்ச் சந்தையிலோ வழியிலுள்ள மளிகைக் கடையிலோ நூறு கிராம் குடம்புளி வாங்கிக்கொள்ளுங்கள். கறுத்து, லேசாக ஈரப்பசையோடு வளைந்து கொடுக்க வேண்டும். மொறுமொறுவென்று உடைவது வேண்டாம். வீட்டில் கொஞ்சம் உப்பும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் பிசறி ஜாடியில் வைத்தால் நாள்பட இருக்கும். அரைக்கிலோ மீனுக்கு மூன்று சின்னத் துண்டு, கழுவி வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு மண்சட்டியில் சேருங்கள். இரவில் வைத்து மறுநாள் காலையில் சாப்பிடுங்கள். அதற்குள் புளிப்பு ஏறிவிடும் என்று தோன்றினால், அடுப்பிலிருந்து இறக்கிய கொஞ்ச நேரத்தில் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.