மீன் பெட்டியைத் தேடி அலைந்த கதை

மண்டபம் ஊரில் எங்கள் குளிர்கிடங்கில் பெட்டி தேடிப் புரட்டும் அக்காக்களின் விரல்கள் மரத்துப்போகும். பார்க்க மனசு தாங்காது. உள்ளே ஜிபிஎஸ் எடுக்காது என்பதால் பெட்டிக்கு ஒரு புளூடூத் பீக்கன் போட்டேன்; விட்டுவிட்டு சிக்னல் அனுப்பும் குட்டிக் கருவி அது. அந்த சிக்னலை வாங்கும் ரிசீவர்களைச் சுவரில் மாட்டினேன். ஆனால் வாசலோரம் இருந்த பெட்டி கடைசி வரிசையில் இருப்பதாகக் காட்டியது.

ரிசீவருக்கு வரும் சிக்னல் குறைந்தால் தூரம் அதிகம் என்றுதான் சிஸ்டம் கணக்குப் போடும். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மீனிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே! நானோ பீக்கனை மீனுக்கு அடியில் புதைத்திருந்தேன். அப்புறம் அதைப் பெட்டியின் வெளி விளிம்பில் கட்டினேன். தகரம் சிக்னலைத் திருப்பியடிக்கும் என்பதால் ரிசீவர்களைத் தகரச் சுவரிலிருந்து கழற்றி, கூரையிலிருந்து தொங்கவிட்டேன். கடைசிப் பத்து சிக்னல் அளவுகளின் நடுமதிப்பை எடுத்தேன். இரண்டு மூன்று மீட்டர் இன்னும் பிசகுகிறது, சரி, வரிசை மாறுவதில்லை.