ரவுண்டிங் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் பக்கத்து எண்களைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 4இல் ரவுண்டிங் பாடம், அதாவது ஓர் எண்ணைக் கிட்டிய பத்துக்கோ நூறுக்கோ ஆயிரத்துக்கோ மாற்றும் பாடம், வந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு விதியைத்தான். "அஞ்சு, அதுக்கு மேல இருந்தா ஏத்து, நாலு, அதுக்குக் கீழ இருந்தா இறக்கு." விதியில் தப்பே கிடையாது. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையிடம் 3,432ஐக் கிட்டிய நூறுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள், 3,300 என்று எழுதிக் காட்டும். 'இறக்கு' என்று சொன்னார்கள், அதனால் 4ஐ 3ஆக இறக்கிவிட்டது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பாவம். அந்த எண் எங்கே நிற்கிறது என்று அதற்கு யாரும் காட்டவில்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: விதியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கப் பழக்குங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில் நடந்தாலும் இதை வீட்டில் தாராளமாகத் தமிழில் விளக்கலாம், பிள்ளைக்குக் குழப்பம் வராது.

347ஐ எடுத்துக்கொள்வோம். கிட்டிய பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, "347க்கு முன்னாடி வர்ற பத்து எது? பின்னாடி வர்ற பத்து எது?" என்று கேளுங்கள். 340, 350. இரண்டையும் கோட்டின் இரு முனைகளில் எழுதட்டும். நடுவில் என்ன வரும்? 345. அதையும் குறிக்கட்டும். இப்போது 347 எங்கே உட்காரும் என்று பிள்ளையே புள்ளி வைக்கட்டும். நடுவைத் தாண்டி 350 பக்கம் நிற்கிறது, ஆகவே விடை 350. இதில் ஏற்றுவதும் இல்லை இறக்குவதும் இல்லை, எது பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும்தான்.

அப்புறம் அதே 347ஐக் கிட்டிய நூறுக்கு மாற்றச் சொல்லுங்கள். புதுக் கோடு போட வேண்டும், முனைகள் இப்போது 300, 400, நடு 350. 347 நடுவுக்கு மிகப் பக்கத்தில் வந்தாலும் இன்னும் அதைத் தாண்டவில்லை, அதனால் 300. சற்று முன்பு 350 என்று சொன்ன எண் இப்போது 300 ஆகிவிட்டதே என்று பிள்ளை விழிக்கும். விழிக்கட்டும், நல்லதுதான். கேள்வியில் பத்தா, நூறா, ஆயிரமா என்று பார்த்து அடிக்கோடு போட வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. சில பிள்ளைகள் முதலில் பத்துக்கு மாற்றி, கிடைத்த விடையை நூறுக்கு மாற்றுவார்கள். 3,446ஐ அப்படிச் செய்தால் முதலில் 3,450, அப்புறம் 3,500. சரியான விடை 3,400. கோட்டில் 3,400, 3,450, 3,500 மூன்றையும் குறித்துவிட்டு 3,446ஐ வைக்கச் சொன்னால் நடுவை அது தொடவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மூல எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரியாக நடுவில் நின்றால்? இதற்குச் சிங்கப்பூரிலேயே அழகான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. சிங்கப்பூர் ராட்டினத்தின் உயரம் 165 மீட்டர். புக்கிட் தீமா குன்றின் உயரத்தை 164 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம் (163.63ஐ முழு எண்ணாக்கினால் அதுதான் வரும்). கோட்டை இந்த முறை நின்றவாக்கில் போடுங்கள், கீழே 160, மேலே 170, நடுவில் 165. குன்று நடுவுக்கு ஒரு மீட்டர் கீழே, அதனால் 160. ராட்டினமோ மிகச் சரியாக நடுவில், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து மீட்டர். நடுவில் நின்றால் மேலே போவது என்று பள்ளிக் கணிதத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறோம், எனவே 170. ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம், ரவுண்டிங் செய்ததும் பத்து மீட்டர் வித்தியாசமாகத் தெரிகிறது! கிட்டிய மதிப்பு என்பது தோராயம்தான் என்று புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைத்ததில்லை.

"ஏன் மேலே? ஏன் கீழே போகக்கூடாது?" என்று கேட்கும் பிள்ளைக்கு "அப்படித்தான்" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். இது நாம் பேசிவைத்துக்கொண்ட வழக்கம். ஆனால் வசதியான வழக்கம். கிட்டிய நூறுக்கு மாற்றும்போது 3,450 முதல் 3,459 வரை பாருங்கள். 3,451 தொடங்கி 3,459 வரை எல்லாமே நடுவைத் தாண்டியவை, 3,450 மட்டும்தான் நடுவில் நிற்கிறது. அதையும் மேலே அனுப்பிவிட்டால், பத்துகளின் இடத்தில் 5 இருக்கிறதா என்று ஒரே ஓர் இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையே இல்லை. வேறு வழக்கங்களும் உண்டு. வீட்டில் அண்ணனோ அக்காவோ பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தால் 2.5ஐ ரவுண்டு செய்து பார்க்கச் சொல்லுங்கள், 2 என்று வரும். நடுவில் நிற்கும் எண்ணை இரட்டை எண் பக்கம் அனுப்புவது அந்த மொழியின் வழக்கம். தேர்வில் மட்டும் பள்ளி வழக்கம்தான்.

இவ்வளவும் கோட்டில் பழகிய பிறகு விதியைக் கையில் கொடுங்கள். எந்த இடத்துக்கு மாற்ற வேண்டுமோ அந்த இலக்கத்தின் கீழே கோடு, அதற்கு வலப்பக்கத்து இலக்கத்தைச் சுற்றி வட்டம். வட்டத்தில் 0 முதல் 4 வரை இருந்தால் கோடு போட்ட இலக்கம் அப்படியே இருக்கும், 5 முதல் 9 வரை இருந்தால் அது ஒன்று கூடும். வலப்பக்கம் எல்லாம் பூஜ்யம். 'இறக்கு' என்ற சொல்லை மறந்தும் சொல்லாதீர்கள். 'அப்படியே இருக்கும்' என்று சொன்னாலே 3,432 ஒழுங்காக 3,400 ஆகிவிடும். வலப்பக்கம் பூஜ்யம் போட மறந்து 34 என்று மட்டும் எழுதும் பிள்ளையும் உண்டு. "ஏறத்தாழ மூவாயிரத்து நானூறு இருந்தது, முப்பத்து நாலு எப்படிக் கிட்டியதாகும்?" என்று கேட்டால் போதும்.

ஒன்பது வரும் எண்களில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 2,971ஐக் கிட்டிய நூறுக்கு மாற்றும்போது 9ஐ ஒன்று கூட்டினால் 10, அதை எங்கே எழுதுவது என்று பிள்ளை திகைத்து நிற்கும், சில சமயம் 21,000 என்றுகூட எழுதும். மறுபடி கோட்டுக்கு வாருங்கள். நூறு நூறாக எண்ணச் சொல்லுங்கள்: 2,700, 2,800, 2,900, அடுத்தது 3,000. அவ்வளவுதான், பக்கத்து எண்கள் 2,900மும் 3,000மும். 3,996ஐக் கொடுத்துப் பாருங்கள், பத்துக்கு மாற்றினாலும் நூறுக்கு மாற்றினாலும் ஆயிரத்துக்கு மாற்றினாலும் 4,000தான். மூன்றுக்கும் ஒரே விடையா என்று பிள்ளை சந்தேகப்பட்டு அழிக்கப் பார்க்கும். அதேபோல 43ஐக் கிட்டிய நூறுக்கு மாற்றினால் 0. பூஜ்யமெல்லாம் விடையாக வருமா என்று தோன்றும், வரும். 0, 50, 100 என்று கோடு போட்டால் மறுபேச்சு இருக்காது.

குறியீடும் முக்கியம். 3,482 = 3,480 என்று எழுதினால் அது பொய். இரண்டும் சமம் கிடையாது. வளைந்த இரட்டைக் கோடு, அதாவது ≈ போட வேண்டும். "ஏறத்தாழ" என்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் கையும் தானாக வளைத்து எழுதும்.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாம் லட்சத்துக்கு 1,00,000 என்று காற்புள்ளி வைத்துப் பழகியவர்கள். இங்கே மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பார்கள், பள்ளித் தாள்களில் காற்புள்ளிக்குப் பதில் வெறும் இடைவெளி விட்டு 12 345 என்று இருப்பதையும் பார்க்கலாம். உங்கள் பழக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளை ஆயிரத்தின் இடத்தைத் தவறாக எண்ணிவிடும்.

பரீட்சைத் தாளில் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பது தலைகீழ்க் கேள்வி. "ஒரு முழு எண்ணைக் கிட்டிய நூறுக்கு மாற்றினால் 4,700. அந்த எண் மிகக் குறைந்தது எவ்வளவாக இருக்கலாம்? மிக அதிகம் எவ்வளவு?" விதி மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இங்கே பிடி கிடைக்காது. கோடு தெரிந்த பிள்ளை 4,600, 4,700, 4,800 என்று குறிக்கும், இரண்டு நடுக்களையும் குறிக்கும்: 4,650, 4,750. இடப்பக்கத்து நடு மேலே வரும், எனவே 4,650 நம்முடையது. வலப்பக்கத்து நடுவும் மேலே போகும், ஆனால் அது 4,800க்குப் போய்விடும், எனவே அதற்கு ஒன்று முன்னால் நின்றுவிட வேண்டும்: 4,749. பலர் 4,744 என்று எழுதுகிறார்கள், நாலுதான் எல்லை என்று மனதில் பதிந்துவிட்டதால். ஒன்றுகளின் இடத்தில் என்ன இருந்தாலும் இங்கே கணக்கில்லை, பத்துகளின் இடத்தில்தான் 4 வரை எல்லை என்று பொறுமையாகக் காட்டுங்கள். சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 4,650 முதல் 4,749 வரை மொத்தம் சரியாக நூறு எண்கள். கிட்டிய பத்து என்றால் பத்து எண்கள்தான் வரும்.

இதையே எம்ஆர்டி ரயிலில் போகும்போது விளையாட்டாக்கலாம். நீங்கள் 80 என்று சொல்லுங்கள், கிட்டிய பத்துக்கு 80 ஆகும் எண்களைப் பிள்ளை சொல்லட்டும். 75இல் தொடங்கி 84இல் முடிய வேண்டும். அப்புறம் பிள்ளை உங்களைக் கேட்கட்டும்.

சரி, இதெல்லாம் எதற்கு? கணக்கு போடுவதற்கு முன் விடை எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான். 412 + 289 என்றால் 400 + 300, ஏறத்தாழ 700. சரியான விடை 701. 68 × 7 என்றால் 70 × 7 = 490, சரியான விடை 476. பிள்ளை 4,076 என்று எழுதியிருந்தால் 490ஐப் பக்கத்தில் வைத்த உடனே பிழை தெரிந்துவிடும். வகுத்தலில் மட்டும் கொஞ்சம் விவரமாக இருக்க வேண்டும். 358 ÷ 6க்கு 358ஐ 400 ஆக்கினால் 6ஆல் மீதியில்லாமல் போகாது, 360 ஆக்கினால் சட்டென்று 60 என்று வந்துவிடும். தொடக்கநிலை 5இல் கால்குலேட்டர் கைக்கு வந்த பிறகு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம் தேவைப்படும், ஒரு பொத்தான் மாறி அழுந்தினாலும் திரையில் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும்.

எங்கே ரவுண்டிங் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 205 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பேருந்தில் 40 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தால் 5, மீதி 5. கிட்டிய முழு எண் 5தான், ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டா போவது? 6 பேருந்து வேண்டும். இருபது வெள்ளியோடு கடைக்குப் போகிறவரும் விலைகளைக் கொஞ்சம் கூட்டியே மனக்கணக்குப் போடுவார், காசு பத்தாமல் போகக்கூடாதே. பேருந்து எண், புளோக் எண், அஞ்சல் குறியீடு இவையெல்லாம் வெறும் பெயர்கள். 67ஆம் எண் பேருந்துக்காக நிற்பவர் 70இல் ஏறினால் வேறெங்கோ போய் இறங்குவார்.

கடைசியாக, பிள்ளைக்குக் கோடு உண்மையிலேயே புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி. ஒரு காசு நாணயம் வெளியிடுவதை 2002இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் ரொக்கமாகக் கொடுக்கும்போது பல கடைகளில் மொத்தத் தொகையை ஐந்து காசுக்கு மாற்றிவிடுவார்கள் (சில கடைகள் எப்போதும் குறைத்தே வாங்கும்). 12 வெள்ளி 47 காசு, அதாவது 1,247 காசு. கிட்டிய ஐந்து காசுக்கு மாற்றினால் எவ்வளவு? விதியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை கடைசி இலக்கம் 7 என்று பார்த்து 1,250 என்று சொல்லும். பக்கத்து எண்களைத் தேடும் பிள்ளை 1,245, 1,250 என்று எழுதி, ஒன்றுக்கு இரண்டு காசு தூரம், மற்றொன்றுக்கு மூன்று காசு தூரம் என்று எண்ணி, 12 வெள்ளி 45 காசு என்று சொல்லும். அடுத்து 12 வெள்ளி 48 காசைக் கேளுங்கள். இரண்டுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் பெரிய எண்ணைத் தயங்காமல் கொடுக்கலாம்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 5,685,807. கிட்டிய ஆயிரத்துக்கு 5,686,000, பத்தாயிரத்துக்கு 5,690,000, நூறாயிரத்துக்கு 5,700,000, மில்லியனுக்கு 6,000,000. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து எண்கள் இரண்டையும் முதலில் எழுதிவிட்டுத்தான் விடை எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.