கட்டக்கோரைல இருந்து இதய செல் வரைக்கும்: பாசி ஆராய்ச்சிய எப்படி ஆரம்பிக்கிறது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் தோணித்துறைல கடல் பாசி எடுத்துட்டு கரையேறுன ஒரு அக்கா, விரல்ல சுத்தியிருந்த துணிய அவுத்துக்கிட்டே என்கிட்ட கேட்டாங்க, "ஏம்மா, இந்தக் கட்டக்கோரைய காய்ச்சிக் குடிச்சா நெஞ்சுவலி வராதாமே, செல்போன்ல வந்துச்சு, நெசமா?" கட்டக்கோரைங்கிறது சர்காசம்ங்கிற கடல் பாசி, அந்தக் கேள்விக்கு முறையா பதில் தேடுறதுதான் என் வேலை. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நெறைய பேரு எம்எஸ்சி, பிஎச்டில இந்த மாதிரி தலைப்பு எடுக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஆரம்பிக்கும்போதே காப்பாத்துறது வேற, சரிபண்றது வேறன்னு பிரிச்சு வச்சுக்கோங்க. பெரிய ஹார்ட் அட்டாக் வந்தா 100 கோடி தசை செல் வரைக்கும் செத்துப் போகலாம், அந்த எடத்துல தழும்புதான் வரும், தழும்பு சுருங்கி விரியாது. 2009ல செல்லோட வயசக் காட்டுற கார்பன் 14 வச்சு அளந்து பாத்தாங்க, 25 வயசுல வருசத்துக்கு 1 சதவீத இதய தசை செல்தான் புதுசாகுது, 75 வயசுல அது 0.45 சதவீதம். அப்போ செத்ததுக்குப் பதிலா புதுசா முளைக்க வைக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு பாருங்க. நம்ம பாசி, பட்டை, வேர வச்சு வர்ற ஆராய்ச்சில பெரும்பாலும் நடக்குறது சாகப்போற செல்ல சாகாம பாத்துக்குறது, அதுவும் நல்ல வேலைதான், ஆனா அதுக்கு இதய சீரமைப்புன்னு பேரு வைக்கக் கூடாது.

செடிலருந்து இதய மருந்து வந்ததே இல்லையான்னு கேட்டா, வந்திருக்கு. 1785ல வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்க்ளவ் செடியப் பத்தி எழுதுனாரு, அந்த வகைச் செடிலருந்து வந்த டிகாக்ஸின இன்னிக்கும் டாக்டர்ங்க எழுதிக் குடுக்குறாங்க. நம்ம வேலியோரத்து அரளிலயும் அதே குடும்பத்துப் பொருள்தான் இருக்கு, அரளி விதை என்ன பண்ணும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அளவு கொஞ்சம் தாண்டுனா மருந்தே இதயத்த நிறுத்திரும், அதனால இயற்கைன்னா பாதுகாப்புன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

சரி, பாசி எடுக்குறது. மன்னார் வளைகுடால 21 தீவு தேசியப் பூங்காவா இருக்கு, 1986லருந்து, அங்க வனத்துறை அனுமதி இல்லாம ஒரு கொத்துகூட எடுக்க முடியாது. ஒதுக்குப்புறமா எடுத்துட்டு வந்து அப்புறம் பேப்பர்ல என்ன எடம்னு எழுத முடியாம முழிக்காதீங்க, மொதல்லயே உங்க காலேஜ் மூலமா எழுதி வாங்கிருங்க. கரைக்குப் போனா அக்காமார கேளுங்க, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடான்னு கையில எடுத்த ஒடனே சொல்லுவாங்க, எந்த மாசம் எது எங்க கொழுத்திருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல தீவுகளோட இயற்கைய பாதுகாக்குறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜிங்கிற சர்வதேச விருது குடுத்தாங்க, பாசிய அழியாம எடுக்குற அறிவு இந்தக் கரைல எவ்வளவு இருக்குங்கிறதுக்கு அதுவே போதும். ஆனா கட்டக்கோரைங்கிற ஒரு பேருக்குள்ள சர்காசம் வகை பல இருக்கு, அதனால ஒரு முழுச் செடிய, அடிக்காலோட, ஹெர்பேரியம் தாள்ல (செடிய காய வச்சு ஒட்டி அடையாளத்துக்கு வைக்கிற தாள்) ஒட்டி, தேதி, எடம், ஆழம், வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலா (மன்னார் வளைகுடாப் பக்கம்) எல்லாம் எழுதி, பாசி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டி இனப்பேர உறுதி பண்ணிருங்க. மாசம் மாறுனா உள்ள இருக்குற சத்தும் மாறும், அதனால ஜனவரி பாசியும் ஆகஸ்ட் பாசியும் ஒரே சாக்குல போகக் கூடாது.

கடல் தண்ணிலயே மொதல்ல அலசுங்க, மணல், சின்ன சிப்பி, மேல ஒட்டியிருக்குற வேற பாசி எல்லாத்தையும் கையால எடுத்துட்டு, அப்புறம் நல்ல தண்ணில சட்டுனு ஒரு அலசு. நிழல்ல காய வைங்க, கருவாடு காயுற எடத்துப் பக்கம் வேண்டாம். பொடி பண்ணி ஆல்கஹால் கலந்த தண்ணில ஊற வச்சு வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல போகாம ரோட்டரி எவாப்பரேட்டர்ங்கிற கருவில வத்த வைங்க, அப்படி வத்துன சாறுதான் எக்ஸ்ட்ராக்ட்.

இங்கதான் உப்புப் பிரச்சினை. கடல் பாசில உப்பு, அதுலயும் பொட்டாசியம், அள்ளிக் கெடக்கும், அது எக்ஸ்ட்ராக்டோட சேந்து வந்து செல் மேல விழுந்தா, நீங்க பாக்குறது பாசியோட வேலையா பொட்டாசியத்தோட வேலையான்னு தெரியாது. ஃபுக்காய்டன் (பழுப்புப் பாசில இருக்குற ஒரு சர்க்கரைச் சங்கிலி) மாதிரி பெரிய மூலக்கூறுன்னா, சின்னத மட்டும் வெளிய விடுற டயாலிசிஸ் பைல கட்டித் தண்ணில போட்டா உப்பு வெளிய போயிரும். சின்ன மூலக்கூறுக்கு அது ஆகாது, உப்போட சேந்து அதுவும் போயிரும், அதுக்கு பொருள பிடிச்சு வைக்கிற ரெசின் நிரப்புன குழாய்ல ஏத்தி, தண்ணி விட்டு உப்ப எறக்கிட்டு, அப்புறமா ஆல்கஹால் விட்டு பொருள எறக்கணும். சர்காசம்னா ஆர்சனிக்கும் பாத்துருங்க, அத விட்டுட்டு எலி சோதனைக்குப் போகாதீங்க.

செல்லுக்கு வருவோம். எல்லாரும் எடுக்குறது எச்9சி2ங்கிற செல் வகை, எலிக் கருவோட இதயத்துலருந்து 1976ல உருவாக்குனது, சுலபமா வளரும், ஆனா துடிக்காது, பிரிஞ்சு பெருகிக்கிட்டே இருக்கும், அதனால இது பெரியவங்க இதய செல்லுக்கு ஈடு இல்ல, முதல் வடிகட்டல் மட்டும்தான்.

என் முதல் வருசத்துல ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு செல்ல நோகடிச்சு, கூடவே கட்டக்கோரை எக்ஸ்ட்ராக்டையும் விட்டு, எம்டிடி போட்டேன், உயிரோட இருக்குற செல் அத ஊதா ஆக்கும். 96 குழி ப்ளேட்ல டோஸ் ஏற ஏற ஊதா கறுத்துக்கிட்டே போகுது, அவ்வளவு சந்தோசம். மூணு மாசம் அதுலயே ஓடுனேன். ஒரு நாள் சீனியர் அக்கா ஒருத்தங்க ப்ளேட்ட மைக்ராஸ்கோப்ல வைக்கச் சொன்னாங்க, வச்சா செல்லு எல்லாம் உருண்டு மெதக்குது, செத்துக் கெடக்குது. பாசில இருக்குற பாலிஃபீனால் செல்லே இல்லாம எம்டிடிய ஊதா ஆக்கும், செல் இல்லாத குழில போட்டுப் பாத்தப்ப அதுவும் ஊதா. அதனால செல் இல்லாத குழி ஒரு வரிசை கட்டாயம் வைங்க, எம்டிடி போடுறதுக்கு முன்னாடி எக்ஸ்ட்ராக்ட கழுவி எடுங்க, ட்ரைபேன் நீலமோ (செத்த செல்லுக்குள்ள மட்டும் ஏறுற சாயம்) எல்டிஎச்சோ (செல் உடைஞ்சா வெளிய கசியுற நொதி) ரெண்டாவது முறை ஒண்ணு வச்சுக்கோங்க. இன்னொண்ணு, பெராக்சைடையும் எக்ஸ்ட்ராக்டையும் ஒண்ணா விட்டா ரெண்டும் செல் வளர்ற திரவத்துலயே மோதி பெராக்சைடு காலியாயிரும், செல் அடியே வாங்கியிருக்காது, நாம அத காப்பாத்திட்டோம்னு எழுதுவோம்.

அடுத்து, எப்போ குடுக்குறீங்கங்கிறது. அடிக்கு முன்னாடி குடுத்தா அது காப்பு. ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆள் அடிபட்டுட்டுத்தான வர்றாரு? அதனால பின்னாடி குடுக்குற குரூப் ஒண்ணு எப்பவும் வைங்க, பலன் கொறஞ்சாலும் அப்படியே எழுதுங்க. எலில இதயத்த நோகடிக்க ஐசோப்ரோடெரினால்ங்கிற மருந்த கிலோவுக்கு 85 மில்லிகிராம் ரெண்டு நாள் ஊசி போடுறது வழக்கம், அதுக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கணும், ட்ரோபோனின் (இதய செல் அடிபட்டா ரத்தத்துல ஏறுற புரதம்) மட்டும் பாத்து நிக்காம எக்கோவும் (இதய ஸ்கேன்) தழும்பு அளவும் பாருங்க.

நெசமாவே முளைக்குதான்னு பாக்கணும்னா வரிக்குதிரை மீன் இருக்கு, கீழ் அறைல 20 சதவீதத்த வெட்டினாலும் ரெண்டு மாசத்துல தழும்பு இல்லாம வளத்துக்கும்னு 2002ல காட்டுனாங்க. பொறந்து ஒரு நாள் ஆன சுண்டெலியும் வளத்துக்கும், ஏழு நாள் ஆயிட்டா முடியாது, இது 2011ல வந்தது. மீன்ல வளந்ததுன்னு சொல்லி உங்க பாசிய பாராட்ட முடியாது, அது தானாவே வளத்துக்கும், பாசி குடுக்காத மீன விட வேகமா வளந்துச்சான்னுதான் பாக்கணும். செல் பிரியுதான்னு பாக்க கேஐ67ங்கிற புரத அடையாளம் மட்டும் போதாது, இதய செல் உட்கருவ மட்டும் ரெண்டாக்கிட்டு தான் பிரியாமலேயே நின்னுரும், அதனால அரோரா பிங்கிற புரதம், ரெண்டா பிரியுற செல்லோட நடு இடுப்புல தெரியுதான்னு பாருங்க.

சாம்பிள வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும்னா 2002 உயிரியல் பன்முகச் சட்டப்படி சென்னைல இருக்குற தேசிய ஆணையத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், கொரியர்ல போட்டுட்டு அப்புறம் கேட்டா ஆகாது.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இதான்: காய்ச்சிக் குடிக்காதீங்கக்கா, இதுல ரத்தத்த உறைய விடாம பண்ற பொருள் இருக்கு, அண்ணன் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறாருல்ல, ரெண்டும் சேந்தா ஆபத்து, நெஞ்சு அடைச்சா பாசிய தேடாம 108க்கு போன் பண்ணுங்க. எக்ஸ்ட்ராக்ட பின்னாடி குடுத்த எலில ஒண்ணும் பெருசா தேறலன்னு வந்ததும் தோணித்துறைக்குப் போய் அதையும் சொன்னேன், "அப்போ பக்கோடாவ பாரேன்"னு சொல்லி ஒரு கொத்து எடுத்துக் குடுத்தாங்க, அடிக்காலோட. அவங்ககிட்ட கேட்டுட்டு அதோட ஹெர்பேரியம் தாள்ல சேகரிச்சவர்ங்கிற எடத்துல அவங்க பேரத்தான் எழுதியிருக்கேன்.