ஸ்பைடர்மேனை எந்த வரிசையில் படிப்பது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலோ மூர் மார்க்கெட்டிலோ தேடினால் சில சமயம் நாலைந்து ஸ்பைடர்மேன் இதழ்கள் சிக்கும். ஆசையாக வாங்கி வந்து பிரித்தால், ஒன்றில் பீட்டர் பார்க்கர் (முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன் இவன்தான்) கல்லூரி மாணவன், இன்னொன்றில் கல்யாணமானவன், மூன்றாவது ஏதோ ஒரு சண்டையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே நிற்கிறது. "நமக்கு இது ஒத்துவராது" என்று பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். 1962-இல் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. ரசிகர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தங்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்கள். அதை நீங்களே போடலாம். பேட்மேனுக்கும் எக்ஸ்-மென்னுக்கும் இதே முறைதான்.

படி 1: ஒரு ரன்னைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே எழுத்தாளர் தொடர்ச்சியாக எழுதிய இதழ்களை ரசிகர்கள் 'ரன்' என்பார்கள். எக்ஸ்-மென்னில் கிறிஸ் கிளேர்மான்ட் 1975 முதல் 1991 வரை எழுதியது ஒரு ரன். ஸ்பைடர்மேனின் முக்கியத் தொடரான அமேஸிங் ஸ்பைடர்மேனில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து செய்த முதல் 38 இதழ்கள் ஒரு ரன். ஸ்ட்ராசின்ஸ்கி 2001 முதல் 2007 வரை எழுதியது இன்னொன்று. முழுச் சரித்திரத்தையும் இலக்காக வைக்காதீர்கள், ஒரு ரன் போதும். புதியவர்களுக்கு லீ–டிட்கோவைத்தான் சொல்வேன். வசனம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் கட்டினார்கள்.

கவனம்: முதல் கதை அமேஸிங் ஸ்பைடர்மேன் முதல் இதழில் இல்லை. ஸ்பைடர்மேன் முதலில் வந்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேஸிங் ஃபேன்டஸி 15-இல்.

படி 2: ஒரு ஷீட்டைத் திறந்து ஐந்து பத்திகள் (column) போடுங்கள்

தொடரின் பெயர், அது தொடங்கிய ஆண்டு, இதழ் எண், அட்டையில் உள்ள மாதம், உங்கள் வரிசை எண். கூகுள் ஷீட்டிலும் போடலாம், கோடு போட்ட நோட்டிலும் போடலாம்.

'தொடங்கிய ஆண்டு' எதற்கு? அமேஸிங் ஸ்பைடர்மேன் '1' என்று எண்ணிட்ட இதழ் ஒன்றல்ல. 1963, 1999, 2014, 2015, 2018, 2022 என்று பதிப்பாளர் திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அதனால் 'அமேஸிங் 1999, இதழ் 30' என்று எழுதினால்தான் எதைச் சொல்கிறோம் என்று புரியும். இந்த 1999 தொடர் 58 வரை போய், அடுத்த இதழ் திடீரென 500 ஆகிவிடும். நடுவில் எதுவும் தொலைந்துவிடவில்லை. பழைய தொடர் 441-இல் முடிந்தது. 441-உடன் 58-ஐக் கூட்டினால் 499. 2003-இல் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார்கள்.

பழைய இதழ் கையில் இருந்தால் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வால்யூம், எண், மாதம் மூன்றும் இருக்கும். அட்டை கிழிந்துபோன இதழுக்கு அதுதான் ஆதாரம். அட்டையில் போடும் மாதம் பெரும்பாலும் கடைக்கு வந்த மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வரிசை எண்ணை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 3: ஆண்டு மலர்களையும் தம்பித் தொடர்களையும் இடையில் செருகுங்கள்

வரிசை எண்ணில் விட்ட இடைவெளி இவற்றைச் செருகத்தான். பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இது. 1987-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் நடப்பது மாத இதழில் இல்லை, அமேஸிங் ஆண்டு மலர் 21-இல். மாத இதழ்களை மட்டும் படிப்பவருக்கு அந்தக் கல்யாணக் காட்சியே கிடைக்காது.

அதே வருடம் வந்த, வில்லன் கிரேவனின் கதை மூன்று தொடர்களில் (அமேஸிங், அதன் தம்பித் தொடர்களான வெப், ஸ்பெக்டாகுலர்) மாறி மாறி ஓடியது. கல்யாண மலரையும் சேர்த்து ஷீட்டில் இப்படி வரும்:

10 – அமேஸிங் ஆண்டு மலர் 21
20 – வெப் ஆஃப் ஸ்பைடர்மேன் 31
30 – அமேஸிங் 293
40 – ஸ்பெக்டாகுலர் 131
50 – வெப் 32
60 – அமேஸிங் 294
70 – ஸ்பெக்டாகுலர் 132

அமேஸிங் மட்டும் வாங்குபவருக்கு ஆறு பாகக் கதையில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் கிடைக்கும். மாதத்தை வைத்து அடுக்கினாலும் பயனில்லை. 31, 293, 131 மூன்றிலும் 1987 அக்டோபர்தான். அப்போது இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, கட்டத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறியுடன் எடிட்டர் எழுதும் 'இன்ன இதழைப் பார்க்கவும்' குறிப்பு. இரண்டு, தொகுப்புப் புத்தகத்தில் எந்தெந்த இதழ்கள் அடங்கியுள்ளன என்று அச்சிட்டிருக்கும் பக்கம். அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கடையிலோ தொகுப்பைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் இந்தச் சிரமத்தை உணர்ந்து, 1991 முதல் சூப்பர்மேன் அட்டைகளில் ஒரு முக்கோணத்துக்குள் படிக்க வேண்டிய வரிசை எண்ணையே அச்சிட்டது. வாசகரை மதித்த காரியம். எல்லாத் தொடர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

படி 4: ஈவென்ட் வந்தால் தேவையானதை மட்டும் சேருங்கள்

பல ஹீரோக்கள் ஒன்றாக வரும் பெருங்கதை ஈவென்ட். அதையொட்டி மற்ற தொடர்களில் வருபவை டை-இன். 2006-இல் தொடங்கிய சிவில் வாரின் மூல இதழ்கள் ஏழு, டை-இன்கள் ஏராளம். நீங்கள் ஸ்பைடர்மேன் வாசகர் என்றால் மூல இதழ்கள் ஏழையும் அமேஸிங் 532 முதல் 538 வரையும் சேர்த்தால் போதும். 532-க்கும் 533-க்கும் நடுவில் சிவில் வார் 2-ஐ வையுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில்தான் பீட்டர் உலகத்தின் முன் முகமூடியைக் கழற்றுகிறான். அதைப் படிக்காமல் 533-ஐத் திறந்தால் அந்த அதிர்ச்சி வீணாகிவிடும்.

படி 5: வெளியான வரிசையா, கதைக்குள் நடக்கும் வரிசையா?

வெளியான வரிசை. முதல் வாசிப்புக்கு இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பேட்மேனின் முதல் வருடத்தைச் சொல்லும் கதை 1987-இல் வந்தது. பேட்மேனோ 1939-இலிருந்து இருக்கிறார். வாசகருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் எழுத்தாளர் ரகசியத்தை ஒளிக்கிறார், உடைக்கிறார். காலவரிசைப்படி அடுக்குவது இரண்டாம் வாசிப்புக்கு அருமையான விளையாட்டு.

படி 6: தமிழ் காமிக்ஸுக்கு இரண்டு பத்திகள் கூடுதலாக

இரும்புக்கை மாயாவி 1962-இல் பிரிட்டிஷ் வார இதழான வேலியன்டில் தொடங்கியவர். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தார். தமிழில் வந்த வரிசையும் மூல வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, மறுபதிப்புகள் வேறு இருக்கின்றன. ஆகவே 'மூலத்தில் எப்போது', 'தமிழில் எப்போது' என்று இரண்டு பத்திகள் போடுங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது ஷீட் போனில் இருக்கட்டும். ஏற்கெனவே வைத்திருக்கும் கதையைப் புது அட்டையில் இன்னொரு முறை வாங்காமல், அந்தக் காசில் விடுபட்ட ஒன்றை வாங்கலாம்.