குரூப் 4 மாதிரித் தேர்வு: எழுத மூன்று மணி நேரம், அலச அதைவிடக் கூடுதல்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பலர் வாரத்துக்கு இரண்டு, மூன்று மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். மாதக்கணக்கில் மதிப்பெண் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். வாரம் ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றை முழுசாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

1. தாளைத் தேர்ந்தெடுப்பது

2022, 2024, 2025 குரூப் 4 வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் கட்டாயமான பிறகு வந்தவை என்பதால் இவைதான் அசல் அளவுகோல். தொடக்கத்திலேயே இவற்றைத் தொடாதீர்கள், கடைசி ஆறு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை 2019-க்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குமான தாள்களைப் பகுதி பகுதியாக எழுதலாம்.

2. எழுதுவது

செல்போன் திரையில் எழுதினால் பயிற்சி பாதிதான். தாளையும், விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளின் மாதிரியையும் முந்தின நாளே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்; மழை நாளில் கரண்ட் போனாலும் தேர்வு நிற்காது. காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30-க்கு எழுந்திருங்கள். கருப்பு பால்பாயிண்ட் பேனா மட்டும்.

200 கேள்வி, 300 மதிப்பெண், 180 நிமிடம். தமிழ் 100 கேள்விக்கு 50 நிமிடம், பொது அறிவு 75-க்கு 60, கணக்கு 25-க்கு 45 என்று பிரித்தால் 25 நிமிடம் கையில் மிஞ்சும். வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விடாதீர்கள். ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்றாலும் 200-க்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும்; அவசரத்தில் ஒரு வரிசை தவறினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் போச்சு.

ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள்: உறுதி என்றால் டிக், இரண்டில் ஒன்று என்றால் வட்டம், ஊகம் என்றால் பெருக்கல் குறி. இந்தச் சின்ன வேலைதான் பிறகு பெரிய உதவி.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பினால் கிடைப்பது பூஜ்யம். 20 கேள்வியை ஊகித்தால் சராசரியாக 5 சரியாகும், அது 7.5 மதிப்பெண்.

3. அலசுவது

அன்று மாலையே உட்காருங்கள். டிக், வட்டம், பெருக்கல் மூன்றுக்கும் தனித்தனியாக எத்தனை சரி என்று எண்ணுங்கள். டிக் போட்டும் தவறானவைதான் ஆபத்து. ஊகித்துத் தவறியதை எப்படியும் படிப்பீர்கள், 'தெரியும்' என்று நினைப்பதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டீர்கள்.

நம் மாவட்டத்துக் கேள்வியே சாட்சி. குமரி தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. கேள்வியில் 'தமிழ்நாடு' என்ற பெயரைப் பார்த்ததும் 1969-க்குக் கை போகும். அது சென்னை மாநிலம் பெயர் மாறிய ஆண்டு. நோட்டில் "1956 சரி" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "இணைப்பு 1956, பெயர் மாற்றம் 1969, இரண்டையும் குழப்பினேன்" என்று எழுத வேண்டும்.

கணக்கிலும் அப்படியே. ஒருவர் 12 நாளிலும் மற்றொருவர் 24 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? சராசரி எடுத்து 18 என்பார்கள். ஒருவர் தனியாகவே 12 நாளில் முடிக்கும்போது, ஆள் சேர்ந்த பிறகு நாள் எப்படிக் கூடும்? விடை 8. எங்கே வழி தவறினீர்கள் என்பதை ஒரு வரியில் குறியுங்கள்.

'தவறானது எது' என்பதைச் சரியாகப் படிக்காமல் விட்டவற்றைத் தனிப் பக்கத்தில் சேருங்கள். அதற்குப் பாடம் படித்துப் பயனில்லை. அந்தச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம்தான் மருந்து.

4. மறுபடி கேட்பது

தவறியவற்றை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும், விடைத் தெரிவுகளை மறைத்துவிட்டு நீங்களே சொல்லிப் பாருங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

அதே தாளை அடுத்த வாரமே முழுசாக எழுதி மதிப்பெண் போடாதீர்கள். விடை எந்த எழுத்து என்பது நினைவில் இருக்கும், மதிப்பெண் பொய் சொல்லும்.

தமிழில் 60 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் மீதித் தாள் திருத்தப்படாது. ஆகவே அந்த மதிப்பெண்ணை எப்போதும் தனியாக எழுதி வையுங்கள். கடைசி முழுத் தேர்வை அசல் தேர்வுக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிட்டு, அதன் பிறகு தவறு நோட்டை மட்டும் கையில் எடுங்கள்.